அத்தா அனுப்பிய சிரிப்பு

சென்ற ரமளானுக்கு முன்பு, தட்டாஞ்சாவடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணில் இருந்த சாமான்களையெல்லாம் கீழே இறக்கினோம். அவற்றுள் மர்ஹூம் அத்தா அவர்கள் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியும் ஒன்று. பூட்டு துருவேறிப் போயிருந்தது. சுத்தியலால் தட்டித் திறந்தபோது இரண்டு பழைய கைலிகள், ஒரு தொப்பி, காலியான தைலப் புட்டிகள், அடியில் ஒரு சதுரமான பிஸ்கட் டின் ஆகியவை இருந்தன. டின்னுக்குள் நகையோ பணமோ இருக்கும் என்று பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று ஆவலோடு பார்த்தார்கள். உள்ளே இருந்தவையோ மஞ்சளித்துப் போன செய்தித்தாள் துண்டுகள்.

"இவ்வளவுதானா?" என்று சின்னவன் உதட்டைப் பிதுக்கினான். அவனுக்கு எப்படிச் சொல்லி விளங்கவைப்பது? ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எங்கள் குடும்பத்தைச் சிரிக்கவைத்த செல்வம் அது. கடலுக்கு அப்பால் இருந்த ஒரு தகப்பனை எங்கள் கூடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்த செல்வமும் அதுவே.

கடிதம் சொல்லாத செய்தி

எங்கள் அத்தா 1966ஆம் ஆண்டில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கு சென்று, அங்கிருந்து பேராக் மாநிலத்தின் ஈப்போ நகரை அடைந்தார்கள். அந்நாளில் நம்மவர் பலர் செய்த தொழிலையே அவர்களும் மேற்கொண்டார்கள். கடைவீதியின் முன்தாழ்வாரத்தில் ஒரு சிறு பெட்டிக்கடை. செய்தித்தாள்கள், வார இதழ்கள், வெற்றிலை, சிகரெட், மிட்டாய் ஆகியவையே சரக்கு. அப்போது எனக்கு இரண்டு வயது. நாங்கள் புதுவை முல்லா வீதியில் வாடகைக்குக் குடியிருந்தோம். பின்னர் அத்தா அனுப்பிய பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற இந்தத் தட்டாஞ்சாவடியில் அம்மா ஒரு மனை வாங்கி வீடு கட்டினார்கள்.

மாதம் ஒரு கடிதம் வரும். எல்லாக் கடிதங்களும் ஒரே கடிதம்தான். ஸலாம், நலம், நலமறிய ஆவல், இன்ன வங்கியின் டிராப்டு இன்ன தொகைக்கு அனுப்பியிருக்கிறேன், பிள்ளைகளை ஓதவும் படிக்கவும் வைக்கவும், வஸ்ஸலாம். வெளிநாட்டில் உழைத்த நம் முன்னோர் பலருடைய கடிதங்கள் இப்படித்தான் இருந்தன. பட்ட பாட்டையெல்லாம் எழுதினால் வீட்டார் வருந்துவர்; சந்தோஷத்தை எழுதினால் நம்மை மறந்துவிட்டாரோ என்று ஐயுறுவர். ஆகவே இரண்டையும் எழுதாமல் விட்டார்கள்.

ஆனால் அத்தாவின் கடிதத்தோடு வேறொன்றும் வரும். மலாய் மொழியில் வெளிவந்த 'பெரித்தா மிங்கு' என்னும் ஞாயிறு பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த சித்திரத்தொடர் அது. 'கெலுவர்கா சி மாமாட்' என்பது அதன் பெயர். 'மாமாட்டின் குடும்பம்' என்று பொருள். மலாய் எங்களுக்குத் தெரியாதே! ஆதலால் ஓரத்து வெற்றிடத்தில் பென்சிலால் சிற்றெழுத்தில் தமிழ் உரை எழுதியிருப்பார்கள். கடிதத்தை அம்மா ஒருமுறை படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். சித்திரத்துண்டு மட்டும் ஒருவார காலம் வீட்டுக்குள் கைமாறிக்கொண்டே இருக்கும்.

அந்த ஓரக்குறிப்புகளிலிருந்து நாங்கள் கொஞ்சம் மலாயும் கற்றுக்கொண்டோம். 'கப்பால்' என்றால் நம் கப்பல். 'கெடாய்' என்றால் நம் கடை. செய்தித்தாளுக்கு 'சூராட் கபார்' என்று பெயர். இவ்விரு சொற்களும் அரபியிலிருந்து வந்தவை. 'கெலுவர்கா' என்பதோ குலம், வர்க்கம் என்னும் வடசொற்கள் சேர்ந்து பிறந்தது. தமிழும் அரபியும் வடமொழியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் மொழி என்று அத்தா ஒருமுறை குறித்திருந்தார்கள்.

யார் அந்த ஓவியர்?

அச்சித்திரங்களை வரைந்தவர் 'லாட்' என்ற பெயரால் உலகம் அறிந்த முஹம்மது நூர் காலித். 1951இல் பேராக் மாநிலத்துக் கோப்பெங் அருகிலுள்ள கோத்தா பாரு என்னும் சிற்றூரில் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் முகம் உருண்டையாக இருந்ததால், உருண்டை என்று பொருள்படும் 'புலாட்' என்ற மலாய்ச் சொல்லால் வீட்டார் அழைத்தனர். அதுவே சுருங்கி 'லாட்' ஆயிற்று. ஈப்போவில் அவருக்குக் கற்பித்த திருமதி ஹியூ என்ற சீன ஆசிரியை அவருடைய திறமையைக் கண்டு, பாடங்களுக்கே படம் வரையச்செய்து ஊக்குவித்தார். பிற்காலத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவ மூக்குக்கண்ணாடியோடு அந்த ஆசிரியை அவருடைய சித்திரங்களில் அழியாத இடம் பெற்றார்.

பதின்மூன்று வயதில், 1964இல், அவருடைய முதல் சித்திரக்கதைப் புத்தகம் அச்சேறியது. அதற்குக் கிடைத்த சன்மானம் 25 வெள்ளி. தபாலில் வந்த படங்களைக் கண்ட பதிப்பகத்தார், வரைந்தவர் வயதில் மூத்தவர் என்றே எண்ணிக்கொண்டார்களாம்! 1968இல், பதினேழு வயது மாணவராக இருந்தபோது, தம் தம்பியின் பெயரைச் சூட்டி 'மாமாட்டின் குடும்பம்' தொடரை ஆரம்பித்தார். வாரந்தோறும் வெளிவந்த அத்தொடர் 1994 வரை, அதாவது 26 ஆண்டுகள் நீடித்தது.

இடையில் வாழ்க்கை அவரைச் சோதிக்கவும் செய்தது. 1970இல் கோலாலம்பூர் சென்று பத்திரிகையில் ஓவியர் வேலை கேட்டார். இடம் காலியில்லை என்றார்கள். குற்றச் செய்திகள் சேகரிக்கும் நிருபர் வேலையே கிடைத்தது. 1974ஆம் ஆண்டு 'ஏசியா மேகசின்' என்ற இதழில், மலாய்ச் சிறுவர்களின் சுன்னத்து வைபவத்தைப் பற்றி அவர் வரைந்த சித்திரங்கள் வெளியாயின. அவற்றைக் கண்டு வியந்த 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' ஆசிரியர், இத்தகைய ஓவியர் தம் நிறுவனத்திலேயே நிருபராக இருக்கிறார் என்பதைப் பின்னரே அறிந்தாராம். அதன்பின் 'மலேசிய வாழ்க்கைக் காட்சிகள்' என்னும் தலைப்பில் அவர் வரைந்த படங்கள் அந்த ஆங்கிலப் பத்திரிகையில் வரலாயின. லண்டனுக்கு அனுப்பி நான்கு மாதம் ஓவியப் பயிற்சியும் பெறச்செய்தனர்.

ரொட்டிக்காரப் பெரியவர்

இனி என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். வாராவாரம் லாட்டின் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கை ஊறியது. எங்கள் தெருவுக்கு அதிகாலையில் மிதிவண்டியில் ரொட்டி கொண்டுவரும் பெரியவர் ஒருவர் உண்டு. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற பழக்கங்களுள் அந்த நீண்ட ரொட்டியும் ஒன்றல்லவா? அவருக்கு ஒரு கால் சற்று ஊனம். மிதிவண்டியை விட்டு இறங்கினால் விந்தி விந்தித்தான் நடப்பார். நான் அவரை ஒற்றைக் காலில் நிற்கும் கொக்காக வரைந்தேன். அலகில் ஒரு நீண்ட ரொட்டி. பள்ளியில் பையன்களிடையே படம் சுற்றியது. எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

படம் எப்படியோ அவர் கைக்கும் போய்ச்சேர்ந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து எங்கள் தெருவுக்கு மணியோசை கேட்கவில்லை. நன்னிக்குக் காலையில் தேநீரில் தோய்த்துண்ண ரொட்டி இல்லாது போயிற்று. விசாரித்து உண்மையை அறிந்த அம்மா என்னை அடிக்கவில்லை. "உன் அத்தாவுக்கு எழுதுகிறேன்" என்றார்கள். அடித்திருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றியது.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. சித்திரத்துண்டின் ஓரத்தில் மட்டும் வழக்கமான உரைக்குப் பதிலாக இப்படி எழுதியிருந்தது: "இதை வரைகிறவர் முதலில் தம் வீட்டைத்தான் கேலி செய்கிறார். தம் தம்பியின் பெயரைத்தான் தொடருக்கு வைத்திருக்கிறார். நீயும் அங்கிருந்து தொடங்கு. ரொட்டிக்காரரை நேரில் போய்ப் பார்."

போனேன். அவர் வீட்டு வாசலில் நின்று சொல்லவேண்டியதைச் சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூக்கு மட்டும் என் மூக்கு மாதிரியே இருந்தது, தம்பி" என்றார். மறுநாள் காலை மணியோசை மீண்டும் கேட்டது.

பிறகு நான் எங்கள் வீட்டை வரைந்தேன். டிராப்டுப் பணத்தை மூன்றுமுறை எண்ணும் அம்மா, கையில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்தபடியே குறட்டை விடும் நன்னி, கணக்கில் முட்டை வாங்கிய விடைத்தாளைப் பாய்க்கு அடியில் ஒளிக்கும் நான். அதைக் கடிதத்தோடு வைத்து ஈப்போவுக்கு அனுப்பினேன். அதற்கு அத்தா பதில் எழுதவேயில்லை. பிடிக்கவில்லை போலும் என்று எண்ணி, நாளடைவில் நானும் மறந்துவிட்டேன்.

நன்னி சிரித்தார்கள்

இந்தச் சித்திரங்கள் வீட்டுக்குள் வருவதை நன்னி ஆரம்பத்தில் விரும்பவில்லை. உருவப் படத்தைச் சுவரில் ஒட்டக்கூடாது என்பது அவர்களின் கண்டிப்பு. "பிறரைப் பரிகாசம் செய்வது நம் மார்க்கத்தில் ஆகாது, அதற்குப் படம் வேறா?" என்பார்கள். ரொட்டிக்காரர் விஷயம் அவர்களின் வாதத்துக்கு வலுவூட்டியது.

1979ஆம் ஆண்டு லாட்டின் 'கம்போங் பாய்' என்ற நூல் வெளியாயிற்று. கிராமத்துச் சிறுவன் என்பது இப்பெயரின் பொருள். அவருடைய பிள்ளைப்பருவக் கதையே அது. மறு ஆண்டு 'சிதம்பரம்' கப்பலில் விடுமுறைக்கு வந்த அத்தா அதைக் கையோடு கொண்டுவந்தார்கள். இரவு இஷாவுக்குப் பின் கூடத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டி விளக்கினார்கள். பிறந்த குழந்தைக்கு முடியிறக்கும் வைபவம், பிரம்பு வைத்திருக்கும் ஆசிரியரிடம் பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்றுக்கொள்வது, ஈயம் தோண்டும் பிரம்மாண்டமான இயந்திரம், இரப்பர்த் தோட்டம், ஆற்றில் கும்மாளம். நன்னி ஒன்றும் பேசாமல் தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுன்னத்துப் பக்கம் வந்தது. சிறுவர்களை ஆற்றில் குளிக்கவைத்து, ஒருவர்பின் ஒருவராக வாழைத்தண்டின் மீது உட்காரவைக்கும் காட்சி. நன்னி மெல்ல நகர்ந்து வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்கள். பிறகு அத்தாவைப் பார்த்து, "நீங்களும் இப்படித்தானே தம்பி, வைக்கோற்போருக்குள் ஒளிந்துகொண்டீர்கள்! மூன்று பேர் சேர்ந்தல்லவா தூக்கிவந்தார்கள்!" என்று சொல்லிச் சிரித்தார்கள். அத்தா நன்னிக்கு மருமகன் மட்டுமல்லர், சொந்தத் தமக்கையின் மகனும்கூட; ஆகவே அந்தச் செய்தியெல்லாம் அவர்களுக்குத் தெரியும். குடும்பத் தலைவர் என்று நாங்கள் அஞ்சி மரியாதை செய்த மனிதர், பிள்ளைகள் முன்னிலையில் காது சிவக்கச் சிரித்ததை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன்.

அதன்பிறகு நன்னி இந்தப் படங்களைத் தடுக்கவில்லை. "இந்தப் பிள்ளை யாரையும் தூற்றவில்லை, தன்னையும் உள்ளே நிறுத்திக்கொண்டல்லவா சிரிக்கிறது" என்று தீர்ப்பும் சொன்னார்கள். ஆனாலும் சுவரில் ஒட்ட மட்டும் கடைசிவரை அனுமதி கிடைக்கவில்லை.

புண்படுத்தாத கேலி

நன்னியின் தீர்ப்பில் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. 1969 மே மாதத்தில் கோலாலம்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே கலவரம் மூண்டு பல உயிர்கள் பலியாயின. ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கிய காலம் அது. அத்தகைய காலத்தில் பத்திரிகையில் கேலிச்சித்திரம் வரைவது வைக்கோற்போருக்கு அருகில் விளக்கேந்தி நிற்பதற்கு ஒப்பாகும்.

லாட் செய்தது என்ன? மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் ஆகிய அனைவரையும் தம் சித்திரங்களுக்குள் அழைத்துவந்தார். ஒவ்வொரு சமூகத்தின் திருமணம், பண்டிகை, சமையல், சண்டை, சமாதானம் அனைத்தையும் உற்றுநோக்கினார். எவரையும் உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. மலாய்க்காரராகிய தம்மவரின் மூக்கைத்தான் மூன்று வளையமாக அவர் அதிகம் பெரிதுபடுத்தினார். பரட்டைச் சுருள்முடியோடு தம்மையும் படத்துக்குள் நிறுத்திக்கொண்டார். நகரத்துக்கு வந்த கிராமத்தான் படும் பாடு, பழைய வழக்கத்துக்கும் புதிய மோகத்துக்கும் இடையே சிக்கிய குடும்பம் ஆகியவையே அவர் திரும்பத் திரும்ப வரைந்த பொருள்கள். எந்த இனத்தான் பார்த்தாலும், இது நம் வீடுதானே என்று சொல்லவேண்டியிருந்தது.

அரசியல் தலைவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. தலைவர்களைப் பத்திரிகையில் பயபக்தியோடு மட்டுமே வரைந்துவந்த நாட்டில், அவர்களும் சிரிப்புக்கு உரியவர்களே என்று காட்டினார். 1981 முதல் 2003 வரை பிரதமராக இருந்த டாக்டர் மகாதீர் முகம்மதுவைப் பற்றி அவர் வரைந்த சித்திரங்கள் மட்டுமே 2004இல் ஒரு தனி நூலாயின. பேராக் சுல்தான் அவருக்கு 1994இல் 'டத்தோ' பட்டம் அளித்தார். 2002இல் ஜப்பானின் புக்குவோக்கா ஆசியப் பண்பாட்டு விருதும் கிடைத்தது. 'கம்போங் பாய்' ஜப்பானிய மொழியிலும், நம் புதுவைக்கு உறவான பிரெஞ்சு மொழியிலும் பெயர்க்கப்பட்டது.

நமக்கும் புதிதன்று

கேலிச்சித்திரம் நமக்கு அந்நியச் சரக்கு என்று எவரும் கருதவேண்டாம். மகாகவி பாரதியார் தம் 'இந்தியா' வார இதழைச் சென்னையிலிருந்து நம் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தது 1908இல். 1910இல் நிற்கும்வரை, அவ்விதழின் முகப்பில் ஆங்கில ஆட்சியை எள்ளிநகையாடும் சித்திரங்கள் வெளிவந்தன. தமிழ்ப் பத்திரிகைக் கேலிச்சித்திரத்தின் தொட்டில்களுள் ஒன்று இந்த ஊர் என்பதில் நமக்குப் பெருமைதானே!

இலங்கையில் 'சுந்தர்' என்ற சிவஞானசுந்தரம் 'தினகரன்' நாளிதழில் 'சவாரித் தம்பர்' என்ற சித்திரத்தொடரால் யாழ்ப்பாணத்தாரைச் சிரிக்கவைத்தார். பின்னர் 'சிரித்திரன்' என்னும் நகைச்சுவை இதழையே நடத்தினார். ஆர்.கே. லட்சுமணின் 'சாமானியன்' 1951 முதல் பல்லாண்டுகள் கட்டம்போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்து, வாய் திறவாமலே நாட்டின் நடப்பை நமக்குக் காட்டினான். அவ்வாறு பார்த்தால் தம்பரும் சாமானியனும் மாமாட்டும் ஒரே குடும்பத்தினரே. உயர்ந்த இடத்தில் இருப்பவனை நோக்கியும் தன்னை நோக்கியும் சிரிப்பார்கள். தெருவில் விந்தி நடப்பவனை நோக்கிச் சிரிக்கமாட்டார்கள்.

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஒருநாளைக்கு எத்தனையோ கேலிப்படங்களைப் பார்க்கிறார்கள். நொடியில் உருவாக்கி ஊரெல்லாம் பரப்பவும் செய்கிறார்கள். ஒருவருடைய உடல், நிறம், பேச்சு, ஏழ்மை, மதம் ஆகியவையே பெரும்பாலும் அவற்றுக்கு இரை. என் கொக்குப் படம் ஒரு பள்ளியையும் ஒரு தெருவையும் சுற்றியதோடு நின்றது. மன்னிப்புக் கேட்கச் செல்லவும் ஒரு வாசல் இருந்தது. இக்காலப் பிள்ளை அனுப்பும் படம் எத்தனை வாசல்களைக் கடந்து செல்கிறதென்று அவனுக்கே தெரியாது. சிரிக்காதே என்று பிள்ளைகளைத் தடுக்க நம்மால் ஆகாது, தடுக்கவும் வேண்டாம். அத்தா எனக்குக் கற்றுக்கொடுத்ததை நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். கேலியை உன் வீட்டிலிருந்து தொடங்கு. உன்னையும் படத்துக்குள் நிறுத்திக்கொள்.

டின்னின் அடியில்

அத்தா 1991இல் நிரந்தரமாக ஊர் திரும்பினார்கள். 2008இல் இறையடி சேர்ந்தார்கள். தட்டாஞ்சாவடியில் எங்களோடு வாழ்ந்த அந்தப் பதினேழு ஆண்டுகளிலும் அவர்கள் அதிகம் பேசியவர்கள் அல்லர். அவர்களின் உள்ளத்தை அறிய வேண்டுமானால் பென்சில் குறிப்புகளைத்தான் படிக்கவேண்டும். கிராமத்துச் சிறுவன் ஊரைவிட்டு வெளியூர் விடுதிப் பள்ளிக்குப் புறப்படும் இறுதிப் பக்கங்களின் ஓரத்தில், "நானும் இப்படித்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்" என்று ஒரு வரி இருக்கிறது. எந்தக் கடிதத்திலும் அவர்கள் எழுதாத வரி.

வெள்ளையடித்த அன்று அந்த டின்னிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் அடுக்கினேன். பேரப்பிள்ளைகள் குனிந்து பார்த்து முதலில் புன்னகைத்தார்கள். பிறகு சத்தமாகவே சிரித்தார்கள். மலாய் தெரியாவிட்டால் என்ன, சிரிப்புக்கு உரை தேவையா?

எல்லாவற்றுக்கும் அடியில் நான்காய் மடித்த ஒரு நோட்டுத்தாள் இருந்தது. பிரித்தேன். பணம் எண்ணும் அம்மா, குறட்டை விடும் நன்னி, விடைத்தாளை ஒளிக்கும் நான். பதிலே வராத அந்தப் படம்! தாளின் மேல்பாதி வெயிலில் வெளுத்திருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பின் கறை ஓரிடத்தில். நான்கு மூலைகளிலும் ஆணி குத்திய துளைகள்.

ஈப்போ வீதியில் அந்தப் பெட்டிக்கடைப் பலகையில், பத்திரிகைகளுக்கு நடுவே, எத்தனை ஆண்டுகள் அது தொங்கியதோ! வல்ல நாயன் அத்தாவின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக.